மடக்கு சைக்கிளும் ஒன்பது மணி ஆபீசும்

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த வாய் என்னைக்காவது என்னைக் கொண்டுபோய்க் கிணத்துல தள்ளும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இன்னிக்குத் தள்ளிடுச்சு.

மத்தியானம் மேனேஜர் சபாபதி சார் எல்லாரையும் உட்கார வெச்சு, கிண்டி ஆபீசை மூடுறோம்னு சொன்னார். 21ஆம் தேதியிலேருந்து குடோன் இருக்கிற இடத்துக்கே ஆபீசும் போகுதாம். சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன்ல இறங்கி உள்ளே மூணு கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினாத்தான் நகரும். கம்பெனி வேன் ஷிஃப்ட் ஆட்களுக்கு மட்டும். காலைல ஒன்பதைத் தாண்டினா லேட் மார்க்.

"வர முடியாதவங்க இப்பவே சொல்லிட்டா செட்டில்மெண்ட் பேசிக்கலாம்"னு சொல்லிட்டு லேடீஸ் பக்கம் மட்டும் பார்த்தார். எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. பதினோரு வருஷமா டெஸ்பாட்ச் செக்ஷனை நான்தான் இழுத்துக்கிட்டு வர்றேன். எந்த ஊருக்கு எந்த பம்பு பார்ட்ஸ் எந்த லாரியில போகுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எனக்குச் செட்டில்மெண்டா?

"அமுதவல்லி, நீங்க குரோம்பேட்டைல இருந்து எப்படிம்மா வருவீங்க?"

காலைல பிளாட்பாரத்துல ஒரு காலேஜ் பையன் சைக்கிளை ரெண்டா மடக்கிக் கையில தூக்கிக்கிட்டு ட்ரெயின் ஏறினதைப் பார்த்திருந்தேன். அது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரணுமா?

"மடக்குற சைக்கிள் வாங்கப் போறேன் சார். ட்ரெயின்ல கொண்டுவந்து, அங்கேருந்து ஜம்முன்னு ஓட்டிட்டு வந்துடுவேன்."

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் சேர்ந்து தட்டினேன்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுல சொன்னேன். இவருக்கு ஏசி ரிப்பேர் வேலை. இப்ப சீசன், கழுத்து வரைக்கும் வேலை. சோறு பிசைஞ்சுக்கிட்டே கேட்டுட்டு, "எதுக்கு வல்லி இந்த அலைச்சல்? நறுமுகை ஆறாவது போகப் போறா. நீ வீட்டுல இரு, ரெண்டு பசங்களுக்கு டியூஷன் எடு"ன்னார்.

எனக்கு இந்த வேலை வேணும். இதை இங்க எழுதி வெச்சுடுறேன், ஏன்னா வாயால சொன்னா சண்டையா ஆகுது. அங்க என்னை "மேடம், திருப்பூர் லோடு கிளம்பலாமா?"ன்னு கேட்கிறாங்க. இங்க "தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா?"ன்னு நான்தான் கேட்கிறேன்.

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசில இவரு ஒரு கெடு வெச்சார். மே மாசம் முடியுறதுக்குள்ள ஒரே ஒரு லேட் மார்க் விழுந்தாலும் நானா எழுதிக் குடுத்துட்டு வந்துடணும். அவங்க சொல்லி அசிங்கப்பட்டு வெளிய வரக்கூடாதாம். சரின்னுட்டேன்.

"உனக்கு சைக்கிள் ஓட்ட வரும்ல?"ன்னு கேட்டார்.

"பிளஸ் ஒன்ல கவர்மெண்டே எனக்கு சைக்கிள் குடுத்துச்சு"ன்னேன்.

குடுத்துச்சு. அது சத்தியம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தாம்பரத்துல பெரிய சைக்கிள் கடை. மடக்குறதுல மட்டும் அஞ்சு மாடல். ஏழு கியர் வெச்சது ஒண்ணு இருந்துச்சு, அழகு. விலையைச் சொன்னான். நான் பக்கத்துல இருந்த சைக்கிள் பூட்டோட விலையைக் கேட்டு மரியாதையா நகர்ந்துட்டேன்.

கடைக்காரத் தம்பிகிட்ட ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். மடக்கு சைக்கிள்னா முதல்ல ஓட்டிப் பார்க்கக் கூடாது, தூக்கிப் பார்க்கணும். ட்ரெயின்ல ஏத்தணும், ஸ்டேஷன் படிக்கட்டுல தூக்கணும். ஒண்ணைத் தூக்கினேன், பாதி மூட்டை அரிசி கனம். இன்னொண்ணு லேசு, ஆனா விலை கனம்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மேடம்"னான். புடவையில போயிருந்தேன். அதனால ஓட்டல.

ஏப்ரல் 9, புதன்

சின்னச் சக்கரம் வெச்ச மாடல் ஒண்ணை போன்ல பார்த்தேன். பெரிய ஆள் ஏறினா சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கும். வேண்டாம். இருபது இஞ்ச் சக்கரத்துக்குக் கீழ இறங்கறதில்லைன்னு முடிவு. நம்ம ஊர்ப் பள்ளத்துல சின்னச் சக்கரம் உள்ளயே இறங்கிடுமாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மேடவாக்கத்துல ஒரு ஃபிளாட்டுல செகண்ட் ஹேண்ட் இருக்குன்னு போட்டிருந்தாங்க. "அதிகம் உபயோகிக்காதது"ன்னு எழுதியிருந்துச்சு. போய்ப் பார்த்தா அதுமேல துண்டு காயுது. ஐடி கம்பெனிக்காரர், உடம்பு குறைக்க வாங்கினாராம். உடம்பு அப்படியேதான் இருக்கு.

நல்ல மனுஷன், காபி குடுத்தாங்க. நான் குனிஞ்சு கீலை அசைச்சுப் பார்த்தேன். மடக்குற சைக்கிளுக்கு நடு உடம்புல இருக்கிற அந்தக் கீல்தான் உயிர். அது லொடலொடன்னா பாதி ரோட்டுல சைக்கிள் தானா மடங்கிடும். இது கொஞ்சம் ஆடுச்சு. பூட்டுற கிளாம்பும் தளர்ந்திருந்துச்சு. மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல.

"பரவாயில்லையே, விஷயம் தெரிஞ்சவங்களா இருக்கீங்களே. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, கீழ பார்க்கிங் காலியாத்தான் இருக்கு"ன்னார்.

மறுபடி புடவையிலேயே போயிருந்தேன். மறந்துபோச்சு. நீங்களே ஓட்டிக் காட்டுங்க சார், நான் சக்கரம் கோணுதான்னு பார்க்கிறேன்னு சொன்னேன். பாவம், அந்த உடம்போட மூணு சுத்து சுத்தினார். அவரு வீட்டம்மா பால்கனில நின்னு சிரிச்சாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. "நல்ல நாள்தானே, இன்னிக்கே ஒரு சைக்கிளை வாங்கிடேன்"னார் இவரு. அவசரப்பட்டு வாங்கக் கூடாதுன்னு சொன்னேன். "புடவை எடுக்க நீ இவ்வளவு யோசிச்சதில்லையே"ன்னார். புடவை கட்டத் தெரியும்ல?

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, லீவு. இவரு என்னையும் பொண்ணையும் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை சந்தைல கிடைக்காதது கிடையாது. பழைய கம்ப்யூட்டர், புறா, பீங்கான் ஜாடி, ரோஜாச் செடி, அதுக்கு நடுவுல ஒரு பச்சை நிற மடக்கு சைக்கிள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சைக்கிள். இருபது இஞ்ச் சக்கரம். கியர் இல்ல, கழண்டுபோறதுக்கும் ஒண்ணும் இல்ல. கீல் கெட்டியா இருக்கு. மட்கார்டு, கேரியர் ரெண்டும் உண்டு. கனம் என்னால தூக்குற அளவுதான். தாம்பரத்துல சொன்ன விலையில மூணுல ஒரு பங்கு. கீழ உட்கார்ந்து கிளாம்பைத் திறந்து, ஹேண்டிலைச் சாய்ச்சு, சீட்டை இறக்கி, ரெண்டா மடக்கி நிமிர்ந்தேன். சுத்தி நின்ன நாலஞ்சு பேர் வேடிக்கை பார்த்தாங்க. மறுபடி பிரிச்சுக் காட்டுன்னு ஒரு பெரியவர் கேட்டார். காட்டினேன். கடைக்காரனே, "அக்கா, எனக்கே இப்படி வராதுக்கா"ன்னான்.

இனிமே வேண்டாம்னு சொல்ல எதுவும் மிச்சமில்ல. வாங்கிட்டோம்.

அப்பதான் இவரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நீ இதை ஓட்டிக்கிட்டே வந்துடு. நானும் பாப்பாவும் வண்டியில பின்னாடி வர்றோம்."

இன்னிக்குச் சுடிதார் வேற போட்டிருந்தேன்.

"புது வண்டிங்க. சாமிகிட்ட வெச்சுப் பூஜை போடாம எப்படி ஏறுறது?"ன்னேன். இவருக்கு அந்த விஷயத்துல பயம் ஜாஸ்தி. உடனே ஒத்துக்கிட்டார். மடக்கி ஷேர் ஆட்டோவுல போட்டுக்கிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

பூஜை ஆச்சு. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம். யாராவது ஏறி நசுக்கணுமே. நறுமுகை நான் நான்னு குதிச்சா. "குழந்தை ஆசைப்படுறா, அவளே பண்ணட்டும்"னு பெருந்தன்மையா விட்டுட்டேன். தெருக்கோடி வரைக்கும் ஒரே மிதி மிதிச்சா. பார்க்கவே நல்லா இருந்துச்சு.

ஏப்ரல் 21, திங்கள்

புது ஆபீஸ், முதல் நாள். ஏழு பத்து ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில சைக்கிளை ஏத்தினேன். "என்னம்மா, வீட்டையே தூக்கிட்டு வர்றியா?"ன்னு ஒரு அம்மா. மடக்கினா லக்கேஜ்தான்னு சொல்லி, சீட்டுக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சேன். ரெண்டு ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள அதுமேல ஒரு பூக்கூடை உட்கார்ந்துடுச்சு.

ஒன்பதுக்கு முன்னாடியே ஆபீஸ் போயாச்சு. கேட்டுக்கு ஒரு வளைவு முன்னாடி நின்னு, முகத்தைத் துடைச்சு, சைக்கிளை மடக்கி, கையில தூக்கிக்கிட்டு உள்ளே போனேன். சபாபதி சார் எழுந்து நின்னு, "பாருங்கய்யா, இதுதான் மனசு"ன்னார். ஷேர் ஆட்டோ கிடைக்காம மூணு ஆம்பளைங்க லேட்.

ரோடு பரவாயில்ல. ஓரத்துல நிறைய வேப்பமரம். ஒரு வீட்டு வாசல்ல கறுப்பு நாய் ஒண்ணு இருக்கு, சாது. ஒவ்வொரு கம்பெனி பேரும் மனப்பாடம் ஆயிடுச்சு.

குதிகால்ல கொப்புளம். பெடல் ரொம்பக் கெட்டின்னு இவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்கவுண்ட்ஸ் ஜெசிந்தா அக்கா தாம்பரத்துல ஏறுவாங்க. வயசு அம்பது இருக்கும், வெள்ளை மனசு. ஆட்டோவுக்குக் காத்திருந்து வெறுத்துப்போய் இன்னிக்கு நடந்துட்டாங்க. நான் முன்னாடி போறதைப் பார்த்து ஓடி வந்தாங்க.

"ஏம்மா, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றே? செயின் கழண்டுடுச்சா?"

"ஆமாக்கா."

பேசிக்கிட்டே நடந்தோம். நேரம் போனதே தெரியல.

ஏப்ரல் 25, வெள்ளி

"இன்னிக்கு என்ன?" "பஞ்சர்க்கா."

ஏப்ரல் 28, திங்கள்

"இன்னிக்கும் பஞ்சரா?" "பிரேக்குக்கா."

அக்கா ரொம்பக் கவலைப்பட்டாங்க. சந்தைல வாங்கினது, யாரு வீட்டு வயித்தெரிச்சலோன்னாங்க.

ஏப்ரல் 30, புதன்

இன்னிக்கு நடந்ததை நினைச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது. ரயில்வே கேட் தாண்டி வேப்பமரத்தடியில அக்கா என்னை நிறுத்திட்டாங்க. பையைக் கீழ வெச்சு, முக்காடு போட்டு, ஒரு கையை ஹேண்டில் மேலயும் ஒரு கையை டயர் மேலயும் வெச்சுக் கண்ணை மூடினாங்க.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளை வயித்துப் பிழைப்புக்காக வாங்கின வண்டி. இதுல இருக்கிற எல்லாக் கோளாறையும் நீர் எடுத்துப் போடும் ஆண்டவரே. செயினையும் பிரேக்கையும் உம்முடைய கரத்துல ஒப்புக்குடுக்கிறோம்."

கண்ணுல தண்ணி வழிய வழிய ஜெபிச்சாங்க. ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைச்சுப் பார்த்துட்டுப் போனார். கடைசில நானும் ஆமென் சொன்னேன்.

எடுத்துப் போடறதுக்கு அந்தச் சைக்கிள்ல ஒரு கோளாறும் இல்ல. அது நல்ல சைக்கிள்.

மே 2, வெள்ளி

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

எழுதிட்டேன். ஒண்ணும் இடி விழல.

கவர்மெண்ட் குடுத்த சைக்கிளை ஸ்கூல் கிரவுண்டுல கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னிக்குச் சாயங்காலமே தம்பி டியூஷன் போக எடுத்துக்கிட்டான். ரெண்டு வருஷம் அவன் ஓட்டினான், நான் பின்னாடி கேரியர்ல உட்கார்ந்தேன். யாரும் எங்கிட்ட இருந்து பிடுங்கல. யாரும் எங்கிட்டக் கேட்கவும் இல்ல. எனக்கு அப்ப அது தப்பாவே தோணல, அதை நினைச்சாத்தான் இப்ப எரியுது.

இன்னிக்குக் காலைல ஜெசிந்தா அக்காகிட்ட சொல்லிட்டேன். ஆண்டவர்கிட்ட பொய்க் கேஸ் போட வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அக்கா நடுரோட்டுல நின்னு என்னையே பார்த்தாங்க. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அடிப்பாவி, அப்ப தினமும் நடந்தா வர்றே?"

"ஆமாக்கா."

"நடந்தேவா லேட் ஆகாம வர்றே?"

"ஆமாக்கா."

சிரிப்பை நிறுத்தினாங்க. பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்து என் சைக்கிள் கேரியர்ல வெச்சாங்க. "சரி, நட"ன்னாங்க.

மே 8, வியாழன்

அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளக்குது. இப்ப நாங்க நாலு பேர். நானு, ஜெசிந்தா அக்கா, பேக்கிங் பர்வீன், பில்லிங்ல புதுசா சேர்ந்த மங்கையர்க்கரசி. ஆட்டோவுக்கு நிக்கிற நேரத்துல நடந்துடலாம்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. நாலு சாப்பாட்டுப் பை, நாலு தண்ணி பாட்டில், பர்வீனோட தையல் துணி மூட்டை, எல்லாம் சைக்கிள்ல தொங்குது. ஹேண்டில்ல குடை கட்டியிருக்கோம். இதைவிட நல்ல தள்ளுவண்டி மெட்ராஸ்ல கிடைக்காது. கேரியர் வெச்சதாப் பார்த்து வாங்கினது எவ்வளவு நல்லதாப் போச்சு.

ஆபீஸ்ல வேற ஒருத்தருக்கும் தெரியாது. வளைவுல நின்னு பையெல்லாம் இறக்கிட்டு, நான் மட்டும் மடக்கித் தூக்கிக்கிட்டு முன்னாடி போயிடுவேன்.

மே 15, வியாழன்

மாட்டிக்கிட்டேன்.

எங்க ஆபீஸ் இருக்கிற பக்கத்துல ஒரு கம்பெனியில ஏசி ஓடலைன்னு இவருக்கு போன் வந்திருக்கு. காலைல பைக்ல வந்திருக்கார். ரோட்டுல நாலு பொம்பளைங்க, நடுவுல குடை பிடிச்ச சைக்கிள், அதுல மூட்டை. சாமி ஊர்வலம்னு நினைச்சு ஒதுங்கி வழி விட்டாராம். அப்புறம்தான் தள்ளிக்கிட்டுப் போறது சொந்தப் பொண்டாட்டின்னு தெரிஞ்சிருக்கு.

"என்ன வல்லி, பஞ்சரா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். பக்கத்துல ஜெசிந்தா அக்கா. மறுபடி ஒரு ஜெபம் தாங்காது. "இல்ல"ன்னேன். "சாயங்காலம் பேசிக்கலாம்"னு போயிட்டார்.

சாயங்காலம் பொண்ணைக் கடைக்கு அனுப்பிட்டு ஆரம்பிச்சார்.

"இத்தனை நாளும் நடந்தா போறே?"

"ஆமா."

"அப்ப சைக்கிள் எதுக்கு?"

"கூட வருது."

"ஓட்டத் தெரியும்னியேடி!"

"கவர்மெண்ட் குடுத்துச்சுன்னு சொன்னேன். ஓட்டினேன்னு எப்ப சொன்னேன்?"

தலையில அடிச்சுக்கிட்டார். "நடக்கறதுன்னு ஆனப்புறம் அதை எதுக்கு வாங்கணும்? எதுக்கு ட்ரெயின்ல தூக்கிக்கிட்டு அலையணும்? நடந்தே போறேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

குளிக்கப் போறவர் மாதிரி துண்டை எடுத்துத் தோள்ல போட்டார்.

"மூணு கிலோமீட்டர் வேகாத வெயில்ல நடந்து போற வேலை நமக்கு வேண்டாம்னு அன்னிக்கே முடிச்சிருப்பீங்க. சபாபதி சாரும் செட்டில்மெண்டைக் கையில குடுத்திருப்பார். சைக்கிள்னு சொன்னேன், அவங்க கை தட்டினாங்க, நீங்க சரின்னீங்க. நான் லேட்டாப் போயிருக்கேனா? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்?"

அழக்கூடாதுன்னு நினைச்சேன். அழுதுட்டேன். கோபத்துல வர்ற அழுகைதான் எனக்கு, அது அவருக்கும் தெரியும்.

"கெடு கெடுதான். மே முடியட்டும், பார்க்கலாம்"னு எழுந்து குளிக்கப் போயிட்டார்.

மே 16, வெள்ளி

பேச்சு வார்த்தை இல்ல. நறுமுகை நடுவுல தபால்காரி வேலை பார்க்கிறா. "அப்பா ரசம் கேட்கிறாரு." "அடுப்பு மேல இருக்குன்னு சொல்லு."

மே 18, ஞாயிறு

"வேணும்னா நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன். தெருவுல யாரும் எழுந்திரிக்கிறதுக்குள்ள கத்துக்கோ"ன்னு அதிகாலைல வந்து நின்னார். சமாதானத்துக்கு வந்திருக்கார்னு புரிஞ்சுது. ஆனா எனக்கு வீம்பு. "நீங்க ஒண்ணும் பிடிக்க வேண்டாம். எனக்கு ஆள் இருக்கு"ன்னுட்டேன்.

மே 20, செவ்வாய்

ஆள் இருக்குன்னு சொன்னேனே, அந்த ஆளுங்க லட்சணம் இது. ஆபீசுக்குப் பின்னாடி மூடிப்போன கம்பெனி ஒண்ணு. அதுக்கு எதிர்ல வண்டி வராத ரோடு. சாயங்காலம் அங்க என்னை ஏத்தி உட்கார வெச்சாங்க. பிடிக்கிற மூணு பேருல ஒருத்திக்கும் ஓட்டத் தெரியாது. ஆனா யோசனைக்குக் குறைச்சல் இல்ல.

ஜெசிந்தா அக்கா: "பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவரை நினை." பர்வீன்: "கண்ணை மூடாதே, தூரத்துல ஒரு மரத்தைப் பாரு. என் தம்பி அப்படித்தான் கத்துக்கிட்டான்." மங்கையர்க்கரசி: "என்ன ஆனாலும் பிரேக்கைத் தொடாதீங்கக்கா. தொட்டா தலைகுப்புற விழுவீங்க."

மரத்தைப் பார்த்தேன். நேரா மரத்துலயே போய் முட்டினேன்.

மே 23, வெள்ளி

முழங்கால்ல சிராய்ப்பு, முழங்கையில சிராய்ப்பு. பர்வீன் எங்கூட விழுந்ததுல அவ வளையல் போச்சு. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல இவரு ஒண்ணும் கேட்காம மருந்து டியூபைத் தட்டுப் பக்கத்துல வெச்சுட்டுப் போனார். போட்டுக்கிட்டேன். எரிஞ்சுது.

மே 28, புதன்

வருது! வருது! மூணு பேரும் சேர்ந்து தள்ளி விட்டா, கொஞ்ச தூரம் நானா போறேன். யாரும் பிடிக்கல. திரும்பிப் பார்க்கிறேன், ரொம்பப் பின்னாடி மூணு பேரும் கை தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. திரும்பிப் பார்த்ததால சாக்கடையில இறங்கினேன், அது வேற விஷயம்.

ஏறத் தெரியாது, இறங்கத் தெரியாது. நடுவுல ஓட்ட மட்டும் தெரியும்.

மே 31, சனி

இன்னியோட கெடு முடியுது. காலைல நல்ல புள்ளையா நடந்து போயிருந்தா முடிஞ்சு போயிருக்கும்.

லேசா மேகம் மூடி, காத்து அடிச்சுது. ரோட்டுல லாரி ஒண்ணும் இல்ல. எனக்குக் காலெல்லாம் பரபரன்னுச்சு. "அக்கா, ஆபீஸ் கேட் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன், தள்ளி விடுங்க"ன்னேன். ஜெசிந்தா அக்கா வேண்டாம்னாங்க. "இன்னிக்கு வேண்டாண்டி, கடைசி நாளு. திங்கக்கிழமை விழு." நான் கேட்கல. ஏறி உட்கார்ந்துட்டேன். மூணு பேரும் ஓடி வந்து தள்ளினாங்க.

போச்சு பாருங்க! எப்படிப் போச்சு! துப்பட்டா பறக்குது, சாப்பாட்டுப் பை நாலும் ரெண்டு பக்கமும் ஆடுது, கறுப்பு நாய் எழுந்து நின்னு பார்க்குது. முப்பத்தஞ்சு வயசுல முதல் தடவையா என் காலு ரெண்டும் தரையில படாம நானே ஓட்டி ஒரு இடத்துக்குப் போறேன். வாய்விட்டுச் சிரிச்சேன். தனியா, சத்தமா, ரோட்டுல.

வளைவு வந்துச்சு. வளைஞ்சேன். ஆபீஸ் கேட் வந்துச்சு. வாட்ச்மேன் சல்யூட் அடிச்சார். பிரேக்கைத் தொடாதேன்னு மங்கையர்க்கரசி சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தொடல. அவரு அடிச்ச சல்யூட்டோட நின்னார், நான் போயிட்டே இருந்தேன்.

நிறுத்தப் பயமா, நிறுத்த மனசு வரலையா? ரெண்டும்தான். அடுத்த கம்பெனி, அதுக்கடுத்த கம்பெனி, தண்ணி டேங்க், தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு, அதுவும் முடிஞ்சு ஏரிக்கரை மேடு. மேட்டுல ஏற முடியாம சைக்கிளே நின்னுச்சு. நான் சாய்ஞ்சு புல்லுல உட்கார்ந்தேன். ஏரியில கொக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்தேன், அதையும் ஒத்துக்கிறேன்.

திரும்பணும். தள்ளி விட ஆள் இல்லையே. ஏறி ஏறிப் பார்த்தேன், சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுந்தேன். கடைசில வழக்கம்போலத் தள்ளிக்கிட்டு நடந்தேன். இந்தத் தடவை எக்கச்சக்க தூரம்.

ஆபீசுக்குள்ள நுழையும்போது ஒன்பதேகால் தாண்டிடுச்சு. மூணு பேரும் நேரத்துக்கு வந்து, சாப்பாட்டுப் பை இல்லாம, என்னைக் காணாம, வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சபாபதி சார் கண்ணாடியைக் கழட்டினார்.

"என்னம்மா அமுதவல்லி, நீங்களா லேட்? சைக்கிள் ரிப்பேரா?"

"இல்ல சார். இன்னிக்கு சைக்கிள்ல வந்தேன்."

அவருக்குப் புரியல. பர்வீன் மேஜைக்கு அடியில குனிஞ்சுட்டா. லேட் மார்க் லேட் மார்க்தான், போட்டுட்டார்.

அப்புறம்தான் இவரு வெச்ச கெடு உறைச்சுது. நாள் பூரா எதுவும் ஓடல. கோயம்புத்தூர் லோடைத் திருப்பூர்னு சொல்லிட்டேன், அது பதினோரு வருஷத்துல நடந்ததில்ல. ட்ரெயின்ல வரும்போது பொய் சொல்லிடலாமான்னு யோசிச்சேன். இவருக்கு எப்படித் தெரியப்போகுது? ஆனா அந்த ஏரிக்கரை வரைக்கும் போனதைப் பொய்யால மூட எனக்கு மனசு வரல.

இவரு எனக்கு முன்னாடியே வந்து, டீ போட்டு வெச்சுட்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே டம்ளரைக் கீழ வெச்சார்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு."

"ட்ரெயின் லேட்டா?"

"இல்ல."

"பின்னே?"

"சைக்கிள் ஓட்டினேன். நிறுத்தத் தெரியல. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டேன்."

என்னை மேலயும் கீழயும் பார்த்தார். மண் ஒட்டின சுடிதார், தலையில புல்லு. நான் தலையை நிமிர்த்திக்கிட்டே நின்னேன். சொல்லப் போறாரு, எழுதிக் குடுன்னு சொல்லப் போறாருன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் தயாரா நின்னேன்.

"எவ்வளவு தூரம் ஓட்டினே?"

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"விழாமயா?"

"விழாம."

சிரிக்க ஆரம்பிச்சார். நிறுத்தவே இல்ல, புரையேறி, கண்ணுல தண்ணி வந்து, நறுமுகை உள்ளேருந்து ஓடி வந்துட்டா. மூச்சு வாங்கிட்டுச் சொன்னார்:

"வேலை முக்கியம்னா திங்கக்கிழமையிலேருந்து ஒழுங்கா நடந்தே போ."

ஜூன் 1, ஞாயிறு

காலைல தெருவுல ஏறினேன், இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். இவரு பின்னாடி பிடிச்சார். பிடிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஜூன் 2, திங்கள்

ஸ்கூல் திறந்தாச்சு. நறுமுகைக்கு இவரு ஜடை போட்டார், கோணல். நான் நடக்கல. சைக்கிள்ல போறதால லேட் ஆகும்னு ஒரு ட்ரெயின் முன்னாடியே கிளம்பிட்டேன்.